மென்திறன் ஸ்டீராய்டு களிம்பு எவ்வளவு பாதுகாப்பானது?

கரப்பானாலோ ஒவ்வாமைத் தடிப்பாலோ அழற்சி கண்ட தோலில் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால், பெரும்பாலும் சில நாட்களிலேயே அரிப்பு அடங்கிவிடுகிறது. இதில் யாருக்கும் ஐயமில்லை. எவ்வளவு தடவுவது, எத்தனை நாள், உடம்பின் எந்த இடத்தில், யார் சொல்லி என்ற கேள்விகளில்தான் சண்டை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்துவரும் பதில்கள் ஒன்றையொன்று மறுப்பவை. பயந்து பயந்து குறைவாகத் தடவுவதால்தான் நோய் நீடிக்கிறது என்கிறது ஒரு தரப்பு. களிம்பே நோயாகிவிடுகிறது என்கிறது மற்றொன்று. இரண்டு பக்கத்திலும் சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒரே களிம்பைப் பற்றியவை அல்ல, ஒரே மருந்துக்கடையைப் பற்றியவையும் அல்ல. இந்த வேறுபாட்டைக் கவனித்தால் பழைய சண்டையின் பெரும்பகுதி தெளிந்துவிடுகிறது என்றே தோன்றுகிறது. மீதி தெளியவில்லை.

1952க்குப் பின்

மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்டிசோன் கொடுத்துப் பார்த்த அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வுக்காக ஹென்ச், கெண்டல் ஆகியோரும், அட்ரினல் ஹார்மோன்களை ஆராய்ந்த ரைக்ஸ்டைனும் 1950இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே கார்டிசோனைத் தோலில் தடவியபோது பலன் இல்லை. உடலுக்குள் சென்றால் கல்லீரல் அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றிக்கொடுக்கும். தோலால் அதைப் போதுமான அளவு செய்ய முடியாது. செயல்படும் வடிவமான ஹைட்ரோகார்டிசோனையே நேரடியாகத் தடவிப் பலன் கண்டதாக 1952இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் எழுதினார்கள். தோல் மருத்துவத்தின் போக்கே அதன்பின் மாறியது.

அடுத்த பத்தாண்டுகளில் வேதியியலாளர்கள் இந்த மூலக்கூறில் ஃபுளோரின் சேர்த்தும் பக்கக்கிளைகளை மாற்றியும் பல மடங்கு வலுவான மருந்துகளைக் கண்டார்கள். வலுவை ஒப்பிட 1962இல் மெக்கென்சியும் ஸ்டௌட்டனும் ஓர் எளிய சோதனையை முன்வைத்தனர். ஸ்டீராய்டு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தடவிய இடம் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்த்தால் மருந்தின் திறனை ஊகிக்கலாம். இன்று நாம் பயன்படுத்தும் திறன் வரிசை பெருமளவு இந்தச் சோதனையின் மேல் எழுந்தது. வெளிறுவது எளிதில் தெரியும் தோலுக்கே இச்சோதனை பொருந்தும் என்பதைக் கறுத்த தோலுடைய வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாதிப்புகளும் விரைவிலேயே பதிவாகத் தொடங்கின. தொடை இடுக்கில் வரிவரியாகத் தோல் மெலிந்ததை 1963இல் எழுதினார்கள். முகத்தில் சிவந்து கொப்பளிக்கும் ‘ஸ்டீராய்டு ரோசேசியா’வை 1974இல் லெய்டன், க்ளிக்மன் குழுவினர் விவரித்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஃபுளோரின் சேர்ந்த வலுவான களிம்புகளின் விளைவுகள். ஆனால் பயம் அந்த எல்லையோடு நிற்கவில்லை, ஹைட்ரோகார்டிசோன் உட்பட மொத்தக் குடும்பத்தின் மேலும் படிந்தது.

பயத்தை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்கும் அதே செயல்தான் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உற்பத்தியையும் குறைக்கிறது. நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து வருவதால், ஒன்றை விட்டு மற்றதை மட்டும் பெற முடிவதில்லை. அளவையும் காலத்தையும் கட்டுப்படுத்தத்தான் முடியும்.

எது மென்திறன்?

பிரிட்டனில் இந்தக் களிம்புகளை மென்திறன், நடுத்திறன், வலுத்திறன், மிகுவலுத்திறன் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். அமெரிக்காவில் ஏழு படிகள். பிரிட்டன் வரிசையில் 1% ஹைட்ரோகார்டிசோன் முதல் வகை, 0.05% க்ளோபெட்டசோன் பியூட்டிரேட் இரண்டாவது, 0.1% பீட்டாமெத்தசோன் வேலரேட் மூன்றாவது, 0.05% க்ளோபெட்டசால் புரோப்பியோனேட் நான்காவது. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். 0.05 என்று போட்டிருக்கும் க்ளோபெட்டசால், 1 என்று போட்டிருக்கும் ஹைட்ரோகார்டிசோனைவிடப் பல நூறு மடங்கு வலுவானது என்று மதிப்பிடப்படுகிறது. அதிலும் க்ளோபெட்டசோன் நடுத்திறன், க்ளோபெட்டசால் மிகுவலுத்திறன். இரண்டு பெயருக்கும் இடையே இருப்பது ஓரிரு எழுத்து வேறுபாடுதான். கடைக்காரரிடம் வாய்வழியாகச் சொல்லி வாங்கும் ஊரில் இது சிறிய ஆபத்தல்ல.

வரிசையில் மருந்து எங்கே நிற்கிறது என்பதோடு அது உடம்பில் எங்கே படுகிறது என்பதும் முக்கியம். 1967இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் உடலின் வெவ்வேறு இடங்களில் ஹைட்ரோகார்டிசோனைத் தடவி எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையில் போவதை 1 என்று கொண்டால் உள்ளங்காலில் 0.14, நெற்றியில் 6, தாடை ஓரத்தில் 13, விரைப்பையில் 42. பழைய ஆய்வு, சிலரிடம் மட்டும் செய்தது. எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் காட்டும் திசை சரியானது. கண்ணிமை, முகம், அக்குள், இடுக்குகள் ஆகிய இடங்களில் மென்திறன் களிம்பும் மென்மையாக இருந்துவிடாது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. களிம்பின் மேல் டயப்பர் இறுகி மூடினால் மருந்து உறிஞ்சப்படுவது மேலும் கூடும். இடுப்பைச் சுற்றிய சிவப்புக்குக் கைவசம் இருந்த குழாயை வாரக்கணக்கில் தடவி, மருந்து இரத்தத்தில் கலந்து, குழந்தையின் முகம் உப்பிப்போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பல வலுத்திறன் களிம்புகளால் நேர்ந்தவை.

பயத்துக்கு எதிரான வாதம்

1990களிலிருந்து வலுப்பெற்ற நிலைப்பாடு, பாதிப்பைவிடப் பயமே பெரிய சிக்கல் என்பது. இங்கிலாந்தில் சார்மன், மோரிஸ், வில்லியம்ஸ் ஆகியோர் கரப்பான் நோயாளிகளிடமும் பெற்றோரிடமும் கேட்டு 2000இல் வெளியிட்ட ஆய்வில், 72.5 சதவீதம் பேர் ஸ்டீராய்டு களிம்பு பற்றிக் கவலை தெரிவித்தார்கள். 24 சதவீதம் பேர் அந்தக் கவலையால் சொன்னபடி மருந்தைப் பயன்படுத்தவில்லை. அரிப்பால் தூக்கம் கெட்ட குழந்தை, சொறிந்து புண்ணாகிச் சீழ் பிடித்த தோல் ஆகியவையும் பக்கவிளைவுக் கணக்கில் சேர வேண்டியவை என்பது இத்தரப்பின் வாதம். அது நியாயமானது. மருந்துக் குழாய்களிலும் மருந்துச் சீட்டுகளிலும் இருந்த ‘மெல்லியதாக, சிறிதளவே’ என்ற வாசகத்தையும் இவர்கள் குறை கூறினார்கள். சிறிதளவு என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. பயந்தவர் பொட்டு வைப்பதுபோல் வைத்தார்.

அளவுக்குச் சரியான விடை 1991இல் லாங், ஃபின்லே ஆகியோர் முன்வைத்த விரல் நுனி அளவு. பெரியவரின் சுட்டுவிரல் முதல் மடிப்பிலிருந்து நுனிவரை குழாயிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். எளிமையால் இந்த அளவு நிலைத்துவிட்டது, இன்றுவரை இதைவிட நல்ல வழி வரவில்லை.

பாதுகாப்பைப் பற்றிய சான்றுகளும் இந்தத் தரப்புக்குச் சாதகமாகவே இருக்கின்றன. கைக்குழந்தைகள் 2418 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மென்திறன் அல்லது நடுத்திறன் ஸ்டீராய்டு பெற்ற 1213 பேரில் தோல் மெலிவு பதிவானது ஒருவருக்கு மட்டும். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2022இல் 104 சோதனைகளை அலசியது. தோல் மெலிவு பற்றித் தகவல் தந்த 22 சோதனைகளில் 2266 பேரில் 26 பேருக்கே அது நேர்ந்திருந்தது. பெரும்பாலும் வலுவான களிம்புகளால்.

இந்த வாதத்தின் பலவீனம் எண்களுக்கு வெளியே இருக்கிறது. சோதனையில் சேர்க்கப்படுபவருக்கு நோய் என்ன என்று முதலில் உறுதிசெய்யப்படுகிறது, மருந்து எண்ணிக் கொடுக்கப்படுகிறது, குறித்த நாளில் ஒருவர் தோலைப் பார்க்கிறார். பெரும்பாலான சோதனைகள் சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன. ‘சரியாகப் பயன்படுத்தினால் பாதுகாப்பானது’ என்ற முடிவு அப்படிப்பட்ட சூழலுக்கு உண்மை. அந்த முதற்பாதியை விட்டுவிட்டுப் பிற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

நீண்டநாள் மென்மையா, சிலநாள் வலுவா?

மென்திறன் களிம்பை நாளெல்லாம் தடவிக்கொண்டிருப்பதா, வலுவானதைச் சில நாள் தடவி நிறுத்துவதா என்பது பாதுகாப்பு விவாதத்தின் உட்சண்டை. பயந்தவர்கள் இயல்பாக முதல் வழியை விரும்புவார்கள். நாட்டிங்ஹாமில் தாமஸும் பிறரும் குழந்தைகள் 207 பேரிடம் செய்து 2002இல் வெளியிட்ட சோதனை இதை நேரடியாக ஒப்பிட்டது. ஒரு குழுவுக்கு 1% ஹைட்ரோகார்டிசோன் ஏழு நாள். மற்றக் குழுவுக்கு 0.1% பீட்டாமெத்தசோன் மூன்று நாள், பிறகு நான்கு நாள் மருந்தில்லாத வெறும் களிம்பு. பதினெட்டு வாரக் கணக்கில் இரு வழிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தோல் தடிமனிலும் இல்லை. இவர்கள் லேசான அல்லது மிதமான நோயுள்ள குழந்தைகள். கடும் கரப்பானுக்கு இதே முடிவை நீட்ட முடியாது. மிதமான அல்லது கடுமையான நோயில் மென்திறன் களிம்பைவிட நடுத்திறனும் வலுத்திறனும் கூடுதல் பலன் தருவதைக் காக்ரேன் தொகுப்பும் காட்டுகிறது. பலன் தராத மென்திறன் களிம்பை மாதக்கணக்கில் இழுப்பதைப் பாதுகாப்பு என்று சொல்வதில் பொருளில்லை.

இன்னும் இரண்டு முடிவுகள் ஓரளவு உறுதியாகியிருக்கின்றன. வலுத்திறன் களிம்பை நாளுக்கு ஒருமுறை தடவுவது இருமுறை தடவுவதற்கு ஏறத்தாழச் சமம். நோய் அடங்கியபின் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், வழக்கமாகத் தடிப்பு வரும் இடங்களில் தடவிவந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு 58 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைகிறது. இந்தச் சோதனைகள் எவையும் ஆண்டுக்கணக்கில் நீண்டவை அல்ல.

களிம்பே நோயா?

நெடுநாள் தடவிய களிம்பை நிறுத்தியதும் தோல் முன்னைவிட மோசமாகச் சிவந்து, எரிந்து, உரிந்து, தடவாத இடங்களுக்கும் பரவுகிறது என்று நோயாளிகள் பலர் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். ‘நோய் திரும்பிவிட்டது’ என்று மருத்துவர்கள் பலர் கடந்துபோனார்கள். 2015இல் ஹாஜரும் பிறரும் வெளியிட்ட தொகுப்பாய்வு, இப்படிப்பட்ட பதிவுகளில் பெரும்பாலானவை பெண்கள், முகம், நடுத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட களிம்பு, நீண்டகாலப் பயன்பாடு ஆகியவற்றோடு சேர்ந்திருப்பதைக் காட்டியது. அடிப்படைச் சான்றுகள் தரம் குறைந்தவை என்பதையும் அது மறைக்கவில்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் இந்த எதிர்விளைவு பற்றி எச்சரிக்கை விடுத்தது. 2024இல் களிம்பின் திறன் வகையைக் குழாயிலேயே அச்சிட வேண்டும் என்றது. 2025இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், இந்நிலையில் தோல் செல்களின் மைட்டோகாண்ட்ரியாச் செயல்பாடு மிகையாவதற்கான தடயங்களைத் தந்தனர். சிறிய ஆய்வு அது. சாதாரணக் கரப்பானிலிருந்து இது வேறுபடக்கூடும் என்ற வாதத்துக்கு உயிரியல் அடித்தளம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

1% ஹைட்ரோகார்டிசோனைக் குறுகிய காலம் தடவி இப்படி ஆனவர்கள் பற்றிய நம்பகமான பதிவுகள் அரிது. இணையத்தில் பரவும் பயம் இந்த எல்லையைப் பார்ப்பதில்லை. மறுபுறம், நோயாளிகளின் சொல்லைப் பல்லாண்டுகள் அலட்சியம் செய்த மருத்துவ உலகத்துக்கு அந்தப் பயத்தை உருவாக்கியதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்திய மருந்துக்கடையில்

இதுவரை சொன்ன விவாதமெல்லாம் பெரும்பாலும் மருந்துச் சீட்டு மதிக்கப்படும் நாடுகளில் நடந்தது. பிரிட்டனில் 1% ஹைட்ரோகார்டிசோனைச் சீட்டில்லாமல் வாங்கலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, முகத்தில் கூடாது, பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கூடாது என்ற நிபந்தனைகளோடு. அங்கே சீட்டில்லாமல் எளிதில் கைக்கு வருவது வரிசையின் கீழ்ப்படிகள்தான். இந்தியாவில் நெடுங்காலம் மேல்படியே எளிதில் கைக்கு வந்தது.

பன்னிரண்டு மையங்களில் முகத் தோல் நோய்க்காக வந்த 2926 பேரைப் பரிசோதித்து 2011இல் சரஸ்வத்தும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 29 சதவீதத்தினருக்கு அது சிவப்பழகு க்ரீம், பொதுவான பூச்சு, அல்லது சவரத்துக்குப் பின் தடவுவது. 24 சதவீதத்தினர் முகப்பருவுக்குத் தடவினார்கள், அந்தப் பருவையே அது கூட்டும் என்பது தெரியாமல். ஏறத்தாழ 59 சதவீதத்தினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்ல. அந்தப் பரிந்துரைகளில் 90 சதவீதம் வலுத்திறன் அல்லது மிகுவலுத்திறன் களிம்புகள். மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தவற்றிலும் 44 சதவீதம் அதே வகைதான். கடைக்காரரையும் பக்கத்து வீட்டாரையும் மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட இந்தக் கடைசி எண் இடம் தரவில்லை.

இதன் ஒரு வேர் 1975இல் இருக்கிறது. கரும்படலத்துக்காக க்ளிக்மனும் வில்லிஸும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், டெக்சாமெத்தசோன் மூன்றையும் கலந்து ஒரு பூச்சை முன்வைத்தார்கள். டெக்சாமெத்தசோன் இடத்தில் அதைவிட வலுவான ஸ்டீராய்டுகளை வைத்த கலவைகள் பிற்காலத்தில் இந்தியச் சந்தையில் பெருகின. மருத்துவர் மேற்பார்வையில் சில வாரத்துக்கு என்று கருதப்பட்டது, முகம் வெளுக்க வேண்டும் என்ற ஆசையோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தடவும் பழக்கமானது. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு விட முடியாது. வெயிலில் எரியும், பரு வெடிக்கும், மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரியும், மேலுதட்டில் முடி வளரும். இதற்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப்பெயரே வைத்துவிட்டார்கள்: ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்.

இன்னொரு வேர் படர்தாமரை. பூஞ்சைத் தொற்றின் மேல் ஸ்டீராய்டு பட்டால் சிவப்பும் அரிப்பும் குறையும், பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கும், வளையம் போன்ற வழக்கமான உருவம் கலைந்துவிடும். இதை 1968இலேயே ஐவ், மார்க்ஸ் ஆகியோர் விவரித்தார்கள். இங்கே க்ளோபெட்டசாலோடு பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே குழாயில் அடைத்து விற்கப்பட்டன. நோய் எது என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் ஒன்று என்பது அதன் கவர்ச்சி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவெங்கும் படர்தாமரை அடங்காத நோயாக மாறியது. பூஞ்சை எதிர்ப்பு மருந்தான டெர்பினாஃபைனுக்குப் பணியாத பூஞ்சை பரவியது. 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். இந்தப் பரவலுக்குக் கலவைக் களிம்புகள் எவ்வளவு காரணம் என்பது உறுதியாகவில்லை. மருத்துவர்கள் பலர் முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கருதுகிறார்கள். காலநிலை, நெருக்கமான வாழ்க்கை, முழுமையாக முடிக்காத சிகிச்சை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை ‘எச்’ பட்டியலின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதாவது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. சட்டம் சரியான திசையில்தான் போகிறது. தெருமுனை மெடிக்கலில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பது வேறு விஷயம்.

தரப்புகள் ஒத்துப்போகும் இடம்

பயத்தை எதிர்ப்பவர்களும் களிம்பை எதிர்ப்பவர்களும் நடைமுறையில் நினைப்பதைவிட நெருங்கியே இருக்கிறார்கள். நோய் எது என்று தெரிந்தபின் தடவுவது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. விளிம்பு சிவந்து நடுவில் தெளிந்து வட்டமாகப் பரவும் தடிப்பில் ஸ்டீராய்டு தனியாகவோ கலவையாகவோ படக்கூடாது. முகம், இடுக்கு, கைக்குழந்தை என்றால் மென்திறனே முதல் தெரிவு, அதுவும் சில நாட்களுக்கு. கண்ணைச் சுற்றி நீண்டநாள் தடவினால் கண் அழுத்தம் உயரவும் கண்புரை வரவும் வாய்ப்பிருப்பதால் அங்கே மருத்துவர் பார்வை கட்டாயம். இரண்டு வாரத்தில் மென்திறன் களிம்பு பலன் தராவிட்டால் தொடர்ந்து தடவுவதைவிட நோயைத் திரும்பப் பார்ப்பது நல்லது. தேன்நிறப் பொருக்கு, நீர்க்கொப்புளம், காய்ச்சல் வந்தால் காத்திருக்கக்கூடாது. மாய்ஸ்சரைசரை விடாமல் தடவுவது ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்கும். எதை முதலில் தடவுவது, இடையில் எத்தனை நிமிடம் விடுவது என்பதில் ஆளுக்கொரு விதி உண்டு, சான்று குறைவு. கர்ப்பிணிகளுக்கு மென்திறன், நடுத்திறன் களிம்புகளால் பிறவிக் குறைபாடு வருவதாகத் தெரியவில்லை. வலுவானவற்றைப் பெருமளவில் தடவுவதோடு பிறப்பு எடை குறைவு தொடர்புபட்டிருக்கிறது.

முகத்துக்கும் இடுக்குகளுக்கும் 2000களின் தொடக்கத்தில் ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ், பிமெக்ரோலிமஸ் பூச்சுகள் வந்தன. இவை தோலை மெலிக்காது. ஆனால் தடவியதும் எரியும், விலையும் அதிகம். 2006இல் அமெரிக்காவில் அவற்றின் மேல் புற்றுநோய் எச்சரிக்கை ஏறியது. பின்வந்த தரவுகள் அந்த எச்சரிக்கையைப் பெரிதாக ஆதரிக்கவில்லை. இருந்தும் பயம் இடம் மாறிப் போய் அங்கேயும் உட்கார்ந்துகொண்டது.

விடை வராதவை

வாரம் இருமுறை என்று ஐந்து, பத்து, இருபது ஆண்டுகள் தடவினால் தோல் என்ன ஆகும் என்பதற்குப் போதிய தரவு இல்லை. கரப்பான் பலருக்கு வாழ்நாள் துணையாக இருக்கும்போது, பதினாறு வாரச் சோதனைகளிலிருந்து அதை ஊகிக்கவேண்டியிருக்கிறது. கறுத்த தோலில் சிக்கல் இன்னும் அதிகம். அழற்சியின் சிவப்பு இங்கே சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும். எனவே நோயின் கடுமை குறைத்து மதிப்பிடப்படலாம். அழற்சி ஆறியபின் வரும் கருமையைக் களிம்பின் வேலை என்று எண்ணி நிறுத்துபவர்கள் உண்டு. களிம்பால் உண்மையிலேயே வரும் வெளுப்பை நன்மை என்று எண்ணித் தொடர்பவர்களும் உண்டு. திறன் வரிசையையும் நோயின் கடுமையை அளக்கும் புள்ளிமுறைகளையும் இத்தோல்களுக்கேற்பத் திருத்தும் வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

நிறுத்தியபின் வரும் எதிர்விளைவைத் திரும்பி வந்த கரப்பானிலிருந்து பிரித்துக் காட்டும், எல்லோரும் ஏற்றுக்கொண்ட பரிசோதனை ஒன்று இன்னும் இல்லை. அது வரும்வரை, களிம்பை விட்டு ஆறு வாரத்தில் முகம் சிவந்து எரிய வந்து நிற்பவரிடம் ‘மறுபடி தடவுங்கள்’ என்று சொல்வதா, ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதா என்பதை மருத்துவர் தன் அனுபவத்தையும் நோயாளியின் பழைய குழாய்களையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பழைய குழாயில் என்ன இருந்தது என்பது இந்திய நோயாளிகள் பலருக்குத் தெரியாது.